மூன்றாவது தாச்சித் தொதலும் மான் வாய்வைக்காத குப்பைப் பரலும்

சித்திரை வருடப்பிறப்பு லீவு முடிந்து, நான் வேலை செய்கிற கந்தோரில் எல்லாரும் கூடிப் பலகாரம் தின்ற நாளுக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு நான்தான் முதலில் போய்க் கேற்றைத் திறந்தேன். ஆலமரத்தின் கீழே ஆறு மான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. முற்றத்தில் சருகும் ஆலம்பழமும்தான் கிடந்தன. சோறு சுற்றுகிற லஞ்ச் ஷீற் ஒன்று இல்லை, ஒரு யோகட் கப் இல்லை. குப்பைப் பரலின் (பீப்பாயின்) மூடி முதல்நாள் பின்னேரம் நான் கொளுவிவிட்டுப் போனபடியே இருந்தது. உள்ளே விறாந்தை மேசையில் மூடி வைத்த பனையோலைப் பெட்டியில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்துக் கிண்டின தொதல் நாலு துண்டு மிச்சம். ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல்லில் ஒட்டவில்லை. தைப்பொங்கலில் தொடங்கி மூன்று மாதமாகப் பிழையாகிக்கொண்டிருந்த இரண்டு வேலையும், தொதல் கிண்டுவதும் மான் வாய்வைக்காதபடி குப்பையை மூடுவதும், ஒன்றாகச் சரிவந்ததை அப்போதுதான் நம்பினேன்.

எங்கள் கந்தோர் பிரெட்றிக் கோட்டை வாசலில் இருந்து நடக்கிற தூரம். திருகோணமலை ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியிலும் மேய்கிற புள்ளிமான்கள் ரோட்டைக் கடந்து எங்கள் முற்றத்துக்கும் வரும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் விறாந்தைப் படிவரை வந்து நிற்கும். ஆலமரத்தில் குரங்குகள். அவை கடித்துப் போடுகிற பழத்தையும் இலையையும் கீழே மான்கள் பொறுக்கும். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. இடப்பக்கக் கொம்பில் ஒரு கிளை முறிந்த ஒரு கலைமான் இருக்கிறது. அது வராத நாளில் எங்களில் யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் விடமாட்டோம்.

முதல் தாச்சி (தொதல் கிண்டுகிற பெரிய சட்டி) தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம். பொங்கலைக் கந்தோரில் சின்னதாகக் கொண்டாடுவோம். கடையில் வாங்கின லட்டும் கேக்கும் வந்து வந்து அலுத்துப்போனதால், இந்த முறை நான் தொதல் கிண்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உவர்மலையில் எங்கள் வீட்டுக் குசினியில், காஸ் அடுப்பில், மெல்லிய அலுமினியச் சட்டியில் தொடங்கினேன். தேங்காய் திருவ நேரமில்லை என்று தேங்காய்ப்பால் மா நாலு பைக்கற் வாங்கிக் கரைத்தேன். இடியப்பத்துக்கு வறுத்து வைத்திருந்த சிவப்பரிசி மா வீட்டில் இருந்தது, அதில் அரைக் கிலோ. வெல்லச் சர்க்கரை முக்கால் கிலோ. பால் கொதித்த பிறகுதான் மாவைக் கொட்டினேன். கொட்டின உடனே கட்டி கட்டியாகத் திரண்டது. அகப்பையால் நசித்து நசித்து முக்கால்மணி நேரம் கிண்டியதில் அடிப்பிடித்துவிட்டது. இறக்கும்போது நிறம் மட்டும் தொதல் நிறம். வாயில் வைத்தால் களி. வறுத்த மாவுக்குத் தொதலில் அந்த மினுமினுப்பு வராது என்று அம்மாவிடம் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். செலவு 1,400 ரூபா.

அப்படியும் அதைக் கொண்டுபோனேன். ஒட்டும் என்று ஒவ்வொரு துண்டையும் லஞ்ச் ஷீற்றில் சுற்றி, இருபத்தெட்டுப் பேருக்கு இருபத்தெட்டுப் பொட்டலம் கட்டினேன். என் பெரிய பிழை அங்கேதான். பாதிப் பேர் பாதி தின்றுவிட்டு, மிச்சத்தைச் சுற்றின ஷீற்றோடேயே முற்றத்துக் குப்பைவாளிக்குள் போட்டார்கள். வாளிக்கு மூடி இல்லை. மூன்று மணிக்குத் தேநீருக்கு வெளியே வந்தபோது குட்டியோடு திரிகிற பிணைமான் வாளிக்குப் பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் ஷீற் தொங்கியது. அருகில் போனேன், இரண்டு அடி பின்னே வைத்தது, மென்றபடியே இருந்தது. ஷீற் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் கடைசி நுனியும் போனது. நான் கையால் சுற்றிய ஷீற். குட்டி தாயின் வாயை மோந்து பார்த்தது.

அன்றிரவு, மிருக வைத்தியம் படித்த ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் எடுத்தேன். “அக்கா, அசைபோடுற மிருகத்துக்குப் பொலித்தீன் முதல் இரைப்பையில போய்த் தங்கினா லேசில வெளிய வராது. சேரச் சேர மற்றச் சாப்பாட்டுக்கு இடமில்லாமப் போகும். மாச் சாமான், இனிப்புச் சாமானும் குடுக்காதேங்கோ. கனக்கத் திண்டா வயிறு புளிச்சு விழுந்திடும்” என்றான். பொலித்தீன் லஞ்ச் ஷீற்றுக்கு நாட்டில் 2017இலேயே தடை வந்தது. பிறகு வந்த, மக்கும் என்று சொல்லி விற்கிற ஷீற்றும் மானின் வயிற்றுக்குள் மக்குவதற்காகச் செய்தது இல்லை. தொதலை ஒழுங்காகக் கிண்டுவது, அதை ஷீற் இல்லாமல் பரிமாறுவது, மிச்சம் விழுகிற வாளியை மூடுவது மூன்றும் ஒரே வேலை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இரண்டாவது தாச்சி மாசியில், எங்களோடு வேலை செய்த அக்கா ஒருவரின் பிரியாவிடைக்கு. இந்த முறை ஐந்து தேங்காய் திருவிப் பால் பிழிந்தேன். மா வறுக்காத பச்சையரிசி மா. ஆனால் அளவை மாற்றாமல் அதே அரைக் கிலோ போட்டேன். கடையில் சர்க்கரை மலிவாகக் கிடைத்தது, அதை வடிக்காமல் அப்படியே போட்டேன். ஒரு மணி இருபது நிமிடத்தில் கை விட்டுப்போனது. திரண்டு வந்ததைப் பார்த்துப் போதும் என்று இறக்கிவிட்டேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, பல்லில் நறநறவென்று மண் அகப்பட்டதைத் தவிர. மறுநாள் றப்பர். மூன்றாம் நாள் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஐந்து தேங்காயின் எண்ணெயை அரைக் கிலோ மாவே குடித்துவிட்டது, தண்ணீரும் முழுதாக வற்றவில்லை. செலவு 2,350 ரூபா.

அதே மாதத்தில் குப்பைவாளி வேலையும் தொடங்கினேன். ஹாட்வெயார்க் கடையில் பழைய நீலப் பரல் ஒன்று, நூறு லீற்றர், 3,500 ரூபா. முதலில் மூடியை வைத்து மேலே இரண்டு செங்கல். குரங்குகள் செங்கல்லைத் தள்ளிவிட அரைநாள்கூடத் தேவைப்படவில்லை. அடுத்ததாக மூடியின் குறுக்கே நைலோன் கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். தினமும் அவிழ்த்துக் கட்ட வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பெரிய தடம் (கயிற்று வளையம்) விட்டேன்.

இதை வாசிக்கிறவர்கள் யாரும் மான் திரிகிற இடத்தில் கயிற்றுத் தடம் விடவேண்டாம். மூன்றாம் நாள் காலை காவலாளி ஐயா, “பிள்ளை, ஓடி வா” என்று கத்தினார். முறிந்த கொம்புக் கலைமான் தலையைக் குனிந்து பரலை உரசப் போய், நல்ல பக்கத்துக் கொம்பு தடத்துக்குள் மாட்டிவிட்டது. மான் பின்னே இழுக்க, பரல் சரிந்து, குப்பை கொட்டி, அது மிரண்டு பரலையும் இழுத்துக்கொண்டு மதிலோரம் போனது. வாயில் நுரை. கண்ணின் வெள்ளை தெரிந்தது. கிட்டப் போனால் கொம்பால் குத்திவிடும், போகாவிட்டால் கழுத்து முறியும். ஐயா என்னை மறித்து, “அசையாதே, அது நிண்டா நாங்களும் நிக்கிறம்” என்றார். இரண்டு நிமிடம் இருக்கும். மான் களைத்து நின்று தலையைத் தாழ்த்தியதும் இழுபட்டிருந்த கயிறு தளர்ந்து தானாகவே கழன்று விழுந்தது. அது மதிலை ஒரே பாய்ச்சலில் தாண்டிப் போனது. நான் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோய் வீட்டில் போட்டேன். நாலு நாள் அது வரவில்லை. ஐந்தாம் நாள் அதே கொம்போடு அதே இடத்தில் வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு வைத்த விதி: தொங்குகிற எதுவும் கூடாது, பரல் அசையவும் கூடாது. ஸ்ரோரில் கிடந்த ஒன்றரை அங்குல ஜீஐ இரும்புப் பைப் இரண்டை மூன்றரை அடியாக வெட்டி, ஓரடி ஆழத்தில் கொங்கிறீற் போட்டு நட்டு, பரலை அவற்றின் நடுவே போல்ற்றால் இறுக்கினோம். பரலின் அடியில் மழைத்தண்ணீர் வடிய ஆறு மில்லிமீற்றர் துளை எட்டு. அடிப்பகுதியை நிலத்தோடு ஒட்ட வைத்தோம், கீழே இடைவெளி விட்டால் குட்டியின் கால் மாட்டும் என்ற பயம். மூடிக்கு இரண்டு பிணைச்சல், முன்பக்கம் ஒரு கொண்டி.

அந்தக் கொண்டியைக் குரங்கு மூன்று நாளில் படித்துவிட்டது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பெண்குரங்கு ஒன்று மூடியில் குந்திக்கொண்டு, கொண்டியைத் தூக்கிப் பார்த்தது, விட்டது, திரும்பத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளியது. இழுபட்டு வந்ததும் உள்ளே தலையை விட்டு, கிடைத்ததைக் கன்னப் பைக்குள் திணித்துக்கொண்டு மரத்துக்கு ஏறியது. அது எடுத்தது அதன் வயிற்றுக்கு. ஆனால் மரத்தில் இருந்து உதறிவிட்ட ஷீற் கீழே மானுக்குத்தான் விழும்.

தீர்வு கிண்ணியாவில் இருந்து கந்தோருக்கு வருகிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் சொன்னது. அவர் வீட்டில் எருமை வளர்க்கிறார், பட்டிக் கேற்றுக்கு நாய்ச் சங்கிலியில் வருகிற ஸ்பிரிங் கொளுக்கிதான் போடுவாராம். “தங்கச்சி, ஒரு கையால ஸ்பிரிங்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால மூடியை அமத்தினாத்தான் கழரும். குரங்கு இழுக்கும், ஆனா அமத்திப் பிடிச்சுக்கொண்டு இழுக்காது” என்றார். மூடியில் ஒரு வளையம், பரலில் ஒரு வளையம், இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி நடுவில் கொளுக்கி. சங்கிலி போடவில்லை, தொங்கும் என்பதால். மூடியை அமத்தினால்தான் கொளுக்கியில் இளக்கம் வருகிற மாதிரி வளையங்களின் தூரத்தை இரண்டு தரம் மாற்றித் துளைத்தோம். பங்குனி நடுவில் போட்டது. முதல் வாரம் குரங்குகள் அதை இழுத்தன, கடித்தன, மூடியில் ஏறிக் குதித்தன. இரண்டாவது வாரம் வருவதைக் குறைத்துக்கொண்டன.

இந்த இடைவெளியில் மூன்றாவது தாச்சிக்காக அம்மாவிடம் போனேன். அம்மா தம்பலகாமத்தில் இருக்கிறார். வருடப்பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை காலை பஸ்ஸில் போய் இறங்கியபோதே பின் முற்றத்தில் மூன்று கல்லடுப்பும், அம்மம்மா காலத்துப் பாரமான வெண்கலத் தாச்சியும், தென்னை மட்டையைச் சீவிச் செய்த நீளத் துடுப்பும் தயாராக இருந்தன. அம்மா சொன்னது இவ்வளவுதான்: “மாவைக் குறை, பாலைக் கூட்டு, எண்ணெய் கக்கிற வரைக்கும் அடுப்படியை விட்டு எழும்பாதே.”

அளவுகள். முற்றின தேங்காய் ஏழு, ஒன்று 180 ரூபா. முதற்பால் தனியாக ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இரண்டாம், மூன்றாம் பால் சேர்த்து இரண்டு லீற்றர். கித்துள் பனைக் கருப்பட்டி 600 கிராம், சர்க்கரை 400 கிராம். முழுக்கக் கித்துள் போட ஆசைதான், விலை இடம்கொடுக்கவில்லை. வயலில் விளைந்த சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து இடித்து அரித்த மா 300 கிராம் மட்டும். கஜு 150 கிராம், ஏலக்காய் ஐந்து கிராம், உப்பு ஒரு கிள்ளு. மாவை வீட்டு அரிசிக்குப் பதிலாகக் கடை விலைக்குக் கணக்குப் போட்டால் எல்லாம் சேர்த்து 3,230 ரூபா.

கருப்பட்டியையும் சர்க்கரையையும் இரண்டாம் பாலில் கரைத்து, துணியால் வடித்தோம். துணியில் ஒரு தேக்கரண்டி மண் நின்றது. போன முறை என் கந்தோர் ஆட்கள் தின்றது அதைத்தான். மா முழுவதையும் ஆறின மூன்றாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, இரண்டையும் பச்சையாகவே தாச்சியில் ஒன்றாகக் கலந்து, அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டினோம். பொச்சுமட்டையும் சிரட்டையும் எரித்தால் சூடு ஒரே சீராக நிற்கும். விறகைக் கடைசிவரை கிட்டக் கொண்டுவரவில்லை.

முதல் நாற்பது நிமிடம் கஞ்சி. பிறகு களி மாதிரித் தடித்து, டப் டப் என்று குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும். நீளத் துடுப்பு எதற்கு என்று அப்போது விளங்கியது. இந்தக் கட்டத்தில்தான் முதற்பாலை ஒவ்வொரு அகப்பையாக விட்டோம். ஒரு மணி இருபது நிமிடத்தில், போன முறை நான் இறக்கின அதே பதம் வந்தது. அம்மாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. நானும் அவரும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கை மாற்றிக் கிண்டினோம்.

ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடத்தில் சத்தம் மாறியது. வெடிப்பு நின்று, சளக் சளக் என்று ஈரமாகப் புரள்கிற சத்தம். தாச்சியின் ஓரத்தில், மா விலகின இடத்தில், குண்டூசித் தலையளவு தெளிந்த முத்துகள். முதலில் வியர்வை மாதிரித்தான் தெரிந்தது. துடுப்பால் இழுக்க இழுக்க அவை சேர்ந்து ஓடி, அடியில் ஒரு மெல்லிய வளையமாகி, அதற்கு மேலே தொதல் முழுவதும் ஒரே உருண்டையாகத் தாச்சியைத் தொடாமல் வழுக்கியது. கறுப்பும் சிவப்பும் கலந்த மினுமினுப்பில் அடுப்பு நெருப்பு தெரிந்தது. அம்மா சின்ன அகப்பையால் எண்ணெயை மொண்டு பேணியில் விட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றரைத் தேநீர்க் கோப்பை எண்ணெய். அதை வைத்து நாலு நாள் பருப்புத் தாளித்தோம், அந்த வாசனைக்காகவே இன்னொரு தரம் கிண்டலாம்.

இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் இறக்கினோம். விரலால் அழுத்தினால் தடம் பட்டது, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. தட்டத்தில் கொட்டி, வாழையிலை வைத்து அழுத்தி, கசிந்த எண்ணெயை மறுபடி சரித்து ஊற்றி, ஒரு இரவும் ஒரு பகலும் தொடாமல் வைத்தோம். நிறுத்துப் பார்த்தபோது 2 கிலோ 100 கிராம். முப்பது கிராம் அளவில் வெட்டினதில் எழுபது துண்டு.

பரிமாறினது இப்படி: பனையோலைப் பெட்டி இரண்டு, உள்ளே வாட்டின வாழையிலை. சுற்றல் இல்லை, பொட்டலம் இல்லை. எண்ணெய் ஒழுங்காகப் பிரிந்த தொதல் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால் ஷீற்றே தேவைப்படவில்லை. முதல் முறை நான் ஷீற் தேடியதே தொதல் பிழையாகிப்போனதால்தான். சிங்கள நண்பர்கள் பாற்சோறும் கொக்கிஸும், நானா வட்டிலப்பமும் சட்டித் தயிரும் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் கழுவுகிற தட்டில். விறாந்தையில் விளக்கேற்றிக் கைவிசேடக் காசு கொடுத்து, பெரியவர் முதல் புதிதாக வந்த தம்பி வரை ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்தார்கள். பிரியாவிடை பெற்றுப்போன அக்காவையும் கூப்பிட்டிருந்தோம். “இதுதான் தொதல், பிள்ளை” என்று மட்டும் சொன்னார், மூன்றாவது துண்டையும் எடுத்துக்கொண்டு. மான்கள் படியடியில் நின்றன. ஒருவரும் ஒன்றும் போடவில்லை. புதுத் தம்பி கொக்கிஸைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனபோது ஐயாவே எழும்பிப் போய்த் தோளில் கைவைத்துத் திருப்பிக் கூட்டிவந்தார்.

பரலுக்கான செலவு எல்லாம் சேர்த்து 6,050 ரூபா: பரல், பிணைச்சல், போல்ற்றுகள், அரைப் பை சீமெந்து, துளைக்கிற கூலி, கொளுக்கி. நாலாயிரத்தைக் கந்தோர் நலன்புரிச் சங்கத்தில் தந்தார்கள்.

இப்போது வைகாசி முடிகிறது, இரண்டு குறை தெரிகிறது. கொளுக்கி 150 ரூபாச் சாமான், கடற்காற்றில் ஒன்றரை மாதத்தில் கறள் பிடித்து ஸ்பிரிங் இறுகிவிட்டது. பெண்கள் அமத்தக் கஷ்டப்பட்டு மூடியைக் கொளுவாமல் விட்டுப் போன ஒரு நாள் வந்தது. கறள் பிடிக்காத கொளுக்கி 650 ரூபா, வாங்கி மாற்றியாயிற்று. இதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். மற்றது பைப்புகள். முறிந்த கொம்புக் கலைமான் இப்போது கொம்பு தேய்க்க அந்தப் பைப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. மாட்ட அங்கே ஒன்றும் இல்லை, அதனால் தேய்க்கட்டும். ஆனால் தினமும் தேய்த்துத் தேய்த்து வலப்பக்கப் பைப் ஆடத் தொடங்கிவிட்டது. ஓரடி ஆழம் எங்கள் மணல் நிலத்துக்குப் போதாது. சனிக்கிழமை ஐயாவும் நானும் அதைக் கிளப்பி, இரண்டடி தோண்டி, மீதி அரைப் பைச் சீமெந்தையும் போட்டு நடப்போகிறோம். மான் கோட்டைப் பக்கம் மேயப் போகிற பத்து மணிக்குப் பிறகுதான் தொடங்கவேண்டும்.